செம்பருத்தியில் மாவுப்பூச்சி: மருந்துக்கு முன்னால் எறும்பைப் பாருங்கள்

தண்டையார்பேட்டையில் இரண்டாம் மாடி வீட்டின் பால்கனியில் செம்பருத்தி, ரோஜா, கறிவேப்பிலை, மணி பிளாண்ட் என்று பதினைந்து தொட்டிகள் வைத்திருப்பதாகவும், செம்பருத்திக் கொழுந்தில் பஞ்சு ஒட்டியது போல வெள்ளையாக ஏதோ அப்பிக்கிடப்பதாகவும், வேப்ப எண்ணெயைத் துணி துவைக்கும் தூளோடு கலந்து தெளித்ததில் பூச்சி போகாமல் இலை கருகிவிட்டதாகவும், வீட்டுக்குள் இருக்கும் தொட்டிகளைச் சுற்றிக் கொசு போன்ற சிறு ஈக்கள் பறப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கடையில் வலுவான மருந்து ஒன்றை வாங்கி ஒரே தெளிப்பில் கதையை முடித்துவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முடிக்க முடியாது. மருந்து வலுவில்லாததால் உங்கள் முயற்சி தோற்கவில்லை; ஒரு முறை தெளித்துவிட்டு நிறுத்தியதும், எறும்பைக் கண்டுகொள்ளாமல் விட்டதுமே காரணம் என்று நினைக்கிறேன்.

காலடிப்பேட்டையில் என் வீட்டு மொட்டை மாடியில் பல ஆண்டுகளாகச் செடி வளர்த்துவருகிறேன். இந்த வெள்ளைப் பஞ்சோடு நான் போராடாத ஆண்டே இல்லை. அது மாவுப்பூச்சி. மாவு போலத் தெரிவது அதன் உடலிலிருந்து சுரக்கும் மெழுகு. அந்த மெழுகின் மேல் தண்ணீர் விழுந்தால் உருண்டு ஓடிவிடும்; தண்ணீரில் கரைத்த மருந்துக்கும் அதே கதிதான். அதன் அடியில் முட்டைப் பை இருக்கிறது. ஒரு பெண் பூச்சி சில நூறு முட்டைகள் வரை இடும். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுகள் கண்ணுக்குத் தெரிவதே கடினம். அந்தப் பருவத்தில் அவற்றின் மேல் மெழுகு மிகக் குறைவு, சுறுசுறுப்பாக நகரும், காற்றிலும் நம் சட்டையிலும் ஒட்டிக்கொண்டு பக்கத்துத் தொட்டிக்குப் போகும். சென்னை வெயிலில் முட்டை முதல் அடுத்த முட்டை வரை ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை தெளிக்கும்போது முட்டைக்குள் இருந்தது புதன்கிழமை வெளியே வருகிறது. அதனால்தான் முதல் வாரம் செடி சுத்தமாகத் தெரிந்து, மூன்றாம் வாரம் பழைய நிலைக்கே திரும்பிவிடுகிறது.

இப்போது எறும்புக்கு வருகிறேன். மாலையில் வெயில் தணிந்ததும் அந்தச் செம்பருத்தியின் அருகே ஒரு ஸ்டூலைப் போட்டுக் கால் மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். தொட்டியின் விளிம்பிலிருந்து தண்டு வழியாக ஒரு வரிசை மேலே ஏறும், இன்னொன்று கீழே இறங்கும். இறங்குகிற எறும்பின் வயிறு ஏறுகிற எறும்பின் வயிற்றைவிடச் சற்றுப் பருத்து, வெளிச்சம் பட்டால் கண்ணாடி போல மின்னும். மாவுப்பூச்சி செடியின் சாற்றை அளவுக்கு மீறி உறிஞ்சி, மிச்சத்தைச் சர்க்கரைத் தண்ணீராகக் கழித்துவிடுகிறது. எறும்பு அதைக் குடித்துவிட்டுப் போகிறது. அதற்குக் கைம்மாறாக, மாவுப்பூச்சியைத் தின்ன வரும் பொறிவண்டையும் அதற்குள் முட்டையிட வரும் சிறு குளவியையும் எறும்பு துரத்திவிடும். மாடு மேய்ப்பவர் மாட்டைக் காப்பது போன்ற ஏற்பாடுதான் இது. கீழ் இலைகள் மேல் பிசுபிசுவென்று ஒட்டுவதும், பிறகு அதில் கரி பூசியது போலக் கரும்பூஞ்சாணம் படர்வதும் அந்தச் சர்க்கரைத் தண்ணீரால்தான். அந்தக் கறுப்பை நோய் என்று எண்ணிப் பூஞ்சாணக் கொல்லி வாங்க வேண்டாம். பூச்சி போனால் ஈரத் துணியால் துடைத்தாலே போய்விடும்.

எறும்பைத் தடுக்காமல் மருந்தடிப்பது குழாயை மூடாமல் தரையைத் துடைப்பது போன்றது. தொட்டியைச் சுவரிலும் கம்பியிலும் பக்கத்துச் செடியிலும் படாதபடி நகர்த்தி, மூன்று கால் ஸ்டாண்டின் மேல் வையுங்கள். ஸ்டாண்டின் கால்களில் நாலு விரல் அகலத்துக்குக் கிரீஸ் தடவினால் போதும். கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி அதில் காலை வைப்பதும் பழைய முறைதான், ஆனால் அந்தத் தண்ணீரில் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும் என்பதால் நான் கிரீஸையே சொல்வேன். எறும்புச் சாக்கட்டியால் தொட்டியைச் சுற்றிக் கோடு போடலாம். ஆனால் அது பூச்சிமருந்து என்பதை மறந்து, குழந்தைகள் கைக்கு எட்டும் இடத்தில் போடக் கூடாது. மஞ்சள் தூள் தூவுவதால் பெரிய பயன் எதையும் நான் கண்டதில்லை.

எறும்பு நின்ற பிறகு செடிக்கு வாருங்கள். செம்பருத்தியின் நுனிகள் சுருண்டு, இலைகள் கொத்தாகக் குவிந்து முறுக்கிக்கொண்டிருந்தால், அந்த நுனியைக் காப்பாற்ற முயலாமல் ஒரு சாண் கீழே கவாத்துச் செய்துவிடுங்கள். பூச்சியின் எச்சில் நஞ்சால் அப்படி முறுக்கிக்கொண்ட இலை மீண்டும் நிமிராது. அந்த மடிப்புகளுக்குள் எந்த மருந்தும் நுழையாது. வெட்டியதைத் தொட்டி மண்ணிலேயே போட்டுவிடாமல், பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுகக் கட்டி ஒரு நாள் வெயிலில் வைத்துவிட்டுப் பிறகு குப்பைக்குக் கொடுங்கள். மிச்சமுள்ள கிளைகளில் கணுக்களிலும் இலைக்காம்பின் அடியிலும் இருப்பவற்றை, மருந்துக் கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து ஒவ்வொன்றாகத் தொட்டு எடுங்கள். ஸ்பிரிட் மெழுகைக் கரைத்துப் பூச்சியை உடனே கொன்றுவிடும். தொட்டதும் வெள்ளை நிறம் மாறி மங்கிய ஆரஞ்சாகத் தெரியும். பக்கத்தில் அடுப்போ விளக்கோ இருக்கக் கூடாது என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். கைகழுவும் சானிடைசர் ஜெல்லை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அதில் உள்ள பசை இலையில் தங்கிவிடும்.

அடுத்து, இலைகளின் அடிப்பக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். இது அற்பமான வேலையாகத் தோன்றும். ஆனால் வீட்டுச் செடிகளில் வரும் அசுவினி, சிலந்திப்பேன், வெள்ளை ஈக் குஞ்சு, மாவுப்பூச்சி ஆகிய எல்லாவற்றுக்கும் முதல் மருந்து இதுதான், பல நேரங்களில் இதுவே போதும். தொட்டி மண்ணின் மேல் ஒரு பிளாஸ்டிக் கவரை விரித்துவிட்டுச் செடியைச் சாய்த்துப் பிடித்துக் கழுவினால், விழும் பூச்சிகள் மண்ணில் தங்கா.

கழுவி, ஈரம் உலர்ந்த மாலையில் வேப்ப எண்ணெய். 1 லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி எண்ணெய் போதும். எண்ணெயும் தண்ணீரும் சேராது என்பதால், முதலில் எண்ணெயோடு காதி சோப்பைச் சீவி வெந்நீரில் கரைத்த கரைசல் சிறிது சேர்த்துப் பால் போல ஆகும்வரை குலுக்கி, பிறகு மிச்சத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். தெளிக்கும்போதும் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை பாட்டிலைக் குலுக்குங்கள். இல்லையென்றால் கடைசியில் தெளிக்கும் செடிக்குத் தனி எண்ணெயாகவே போய்ச் சேரும். விளக்கேற்றுவதற்கென்று விற்கும் கலப்பு எண்ணெய் ஆகாது, செக்கில் ஆட்டிய கசப்பு எண்ணெயாக இருக்க வேண்டும். வேம்பில் உள்ள அசாடிராக்டின் என்னும் பொருள் பூச்சியைத் தின்னவிடாமலும் தோலுரிக்கவிடாமலும் தடுக்கிறது, உடனே கொல்வதில்லை. வெயில் பட்டால் சில நாள்களிலேயே சிதைந்தும் போகும். எனவே மாலை 5 மணிக்கு மேல் தெளித்து, 7 நாளுக்கு ஒரு முறை என்று குறைந்தது நான்கு முறை விடாமல் செய்ய வேண்டும். மேலே சொன்ன முட்டைக் கணக்குக்கு இந்த நான்கு வாரம்தான் விடை.

இலை ஏன் கருகியது என்று கேட்டிருந்தீர்கள். துணி துவைக்கும் தூளில் காரமும் உப்பும் வெளுப்புப் பொருள்களும் இருக்கின்றன. அவை இலையின் மேல் உள்ள இயற்கை மெழுகையே அரித்துவிடும். அதோடு எண்ணெயும் சேர்ந்து, மதிய வெயிலும் பட்டால் கருகாமல் என்ன செய்யும்? எந்தக் கரைசலாக இருந்தாலும் முதலில் இரண்டு இலைகளில் மட்டும் தெளித்து 2 நாள் பொறுத்துப் பாருங்கள். மண் காய்ந்து செடி வாடியிருக்கும் நாளில் எதையும் தெளிக்காதீர்கள்.

நம் பக்கத்துக்கே உரிய இன்னொரு சிக்கல் தண்ணீர். தண்டையார்பேட்டையிலிருந்து எண்ணூர், மீஞ்சூர் வரை நிலத்தடி நீரில் கடல் நீர் ஏறிய இடங்கள் ஏராளம். உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த போர் தண்ணீரில் சோப் நுரைக்காது; திரிதிரியாகப் பிரிந்துபோகும். எந்தத் தண்ணீரில் குளித்தால் சோப் நுரை வரவில்லையோ, அந்தத் தண்ணீரில் கரைத்த சோப் கரைசல் பூச்சியையும் கொல்லாது. மெட்ரோ வாட்டரோ பிடித்துவைத்த மழைத் தண்ணீரோ பயன்படுத்துங்கள். ஒரு லிட்டருக்குக் கேன் தண்ணீரே ஊற்றினாலும் பெரிய செலவில்லை.

வீட்டுக்குள் பறக்கும் சிறு ஈக்கள் வேறு விவகாரம். அவை பூஞ்சை ஈக்கள். மாவுப்பூச்சிக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. தொட்டியின் மேல் மண் எப்போதும் ஈரமாக இருந்தால், அதில் வளரும் பூஞ்சையைத் தின்ன அவற்றின் புழுக்கள் வரும். எண்ணிக்கை கூடினால் இளம் வேர்களையும் கடிக்கும். கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்) மிகுதியாகச் சேர்த்த மண் கலவை, வெளிச்சம் குறைந்த வரவேற்பறை, தினமும் ஒரு சொம்பு தண்ணீர் ஆகிய மூன்றும் சேர்ந்தால் அவை வராமல் இருக்காது. மணி பிளாண்டுக்குத் தினமும் தண்ணீர் வேண்டியதில்லை. விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். உருளைக்கிழங்கை வட்டமாக வெட்டி மண்ணின் மேல் ஓர் இரவு வைத்தால் புழுக்கள் அதன் அடியில் வந்து சேரும். காலையில் எடுத்து எறிந்துவிடலாம். பறக்கும் ஈக்களுக்கு மஞ்சள் நிற அட்டையில் விளக்கெண்ணெய் தடவித் தொட்டியில் செருகிவைத்தால் ஒட்டிக்கொள்ளும். தொட்டிக்கு அடியில் வைத்த தட்டில் தேங்கும் தண்ணீரை வாரம் ஒரு முறையாவது கட்டாயம் கொட்டிவிடுங்கள். மாநகராட்சியிலிருந்து கொசுப் புழு பார்க்க வருபவர்கள் முதலில் கேட்பதும் அந்தத் தட்டைத்தான்.

சிலந்திப்பேனைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் அக்னி நட்சத்திரத்தின்போது உங்கள் ரோஜாவுக்கு அது வரக்கூடும். இலை பச்சை மங்கி, ஊசியால் குத்தியது போலப் புள்ளி புள்ளியாக வெளுக்கும். வெள்ளைத் தாளை இலைக்கு அடியில் பிடித்துத் தட்டினால் விழுகிற தூசியில் சில புள்ளிகள் நகரும். அது பூச்சி இனமே அல்ல, எட்டுக் கால் உள்ள சிலந்தியின் உறவு. எனவே பல பூச்சிமருந்துகள் அதை ஒன்றும் செய்வதில்லை. இமிடாகுளோபிரிட் போன்ற பூச்சிமருந்துகளை அடித்த பிறகு சிலந்திப்பேன் பெருகியதையும் பலர் கண்டிருக்கிறார்கள். இலையில் தூசி படிந்திருப்பது அதற்கு வசதி, அதைத் தின்னும் உயிரிகளுக்கு இடைஞ்சல். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதியும், மணலிப் பக்கத்திலிருந்து வரும் கரியும் நம் இலைகளில் எவ்வளவு படிகின்றன என்பதை வெள்ளைத் துணியால் ஒரு முறை துடைத்துப் பார்த்தாலே தெரியும். வாரம் ஒரு முறை இலைகளைக் கழுவுவது இங்கே வெறும் அழகுக்கான வேலை அல்ல. முற்றிவிட்டால் நனையும் கந்தகத் தூளை லிட்டருக்கு 2 கிராம் கரைத்துத் தெளிக்கலாம். ஆனால் கடும் வெயில் நாளில் கூடாது, எண்ணெய் தெளித்து மூன்று வாரம் ஆகாமலும் கூடாது, இரண்டும் சேர்ந்தால் இலை பொசுங்கும்.

கறிவேப்பிலையில் பறவை எச்சம் போலக் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு புழு இருந்தால் பதறாதீர்கள். அது வண்ணத்துப்பூச்சியின் புழு, வளர்ந்ததும் பச்சையாகிவிடும். செடி பெரிதாக இருந்தால் நான் விட்டுவிடுவேன், சிறிதாக இருந்தால் கையால் எடுத்து வேறு இடத்தில் விடுவேன். ரசத்துக்குப் போடும் இலைக்கும் சளிக்குக் கிள்ளும் துளசிக்கும் கடை மருந்து எதுவும் வேண்டாம்.

இனி வருமுன் காப்பது. உங்கள் செம்பருத்திக்கு மாவுப்பூச்சி பெரும்பாலும் ஒரு புதுச் செடியோடுதான் வந்திருக்கும். நர்சரியில் பூவைப் பார்த்து வாங்காமல், இலையைத் திருப்பிப் பார்த்து, கணுவைப் பார்த்து, முடிந்தால் கவரைச் சற்றுக் கழற்றி வேரையும் பார்த்து வாங்குங்கள். வேரிலும் மாவுப்பூச்சி இருக்கும், வேர்களுக்கு நடுவே வெள்ளைப் பொடி தூவியது போலத் தெரியும். வாங்கி வந்ததை மூன்று வாரம் தனியாக வைக்க வேண்டும். ஒண்டுக் குடித்தனத்தில் தனி இடத்துக்கு எங்கே போவது என்பீர்கள்; மாடிப்படித் திருப்பமோ மொட்டை மாடியின் இன்னொரு மூலையோ போதும். மற்ற செடிகளுக்கெல்லாம் ஊற்றிய பிறகு கடைசியாக அந்தச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்ளுங்கள்.

உரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் நம் பக்கத்து வீடுகளில் சிலருக்கு வருத்தம் வரும். காசிமேட்டிலிருந்து மீன் வாங்கி வந்து, கழுவிய தண்ணீரை ரோஜாவுக்கு ஊற்றும் வழக்கம் இங்கே பரவலாக உண்டு. எப்போதாவது, பல மடங்கு நீர் சேர்த்து ஊற்றினால் கெடுதல் இல்லை. வாரம் இரண்டு முறை அப்படியே ஊற்றினால் எறும்பும் ஈயும் வரும், உப்புச் சேரும். தழைச்சத்து மிகுந்து கொழுந்துகள் கொழுகொழுவென்று தளதளப்பாக வளரும், அசுவினிக்கும் மாவுப்பூச்சிக்கும் அதைவிட நல்ல விருந்து இல்லை. மண்புழு உரத்தோடு மாதத்துக்கு ஒரு முறை தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு போதும். தொட்டி வாங்குவதானால் கொசப்பேட்டை மண் தொட்டியை நான் விரும்புவேன்; பக்கவாட்டிலும் ஈரம் கசிந்து காய்வதால் பூஞ்சை ஈயின் தொல்லை குறையும். இரண்டாம் மாடிப் பால்கனியின் கனத்தை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

வலுவான மருந்துக்கு ஏன் தயங்குகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2008ஆம் ஆண்டு வாக்கில் பப்பாளி மாவுப்பூச்சி தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, பப்பாளியை மட்டுமல்லாமல் மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி என்று கண்டதையெல்லாம் வெள்ளையடித்தது. மருந்துக்கு மேல் மருந்து அடித்தும் தீரவில்லை. 2010இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோபேகஸ் பப்பாயே உள்ளிட்ட சில ஒட்டுண்ணிக் குளவி இனங்களை இந்தியாவுக்குக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அது அடங்கியது. கடுகைவிடச் சிறிய அந்தக் குளவி மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு, குஞ்சு உள்ளிருந்தே தின்றுவிடும். வலுவான மருந்து அடித்தால் முதலில் சாவது இப்படிப்பட்ட உதவியாளர்கள்தான். மெழுகுக்குள் இருக்கும் மாவுப்பூச்சி பிழைத்துக்கொள்ளும். என் தவறு ஒன்றையும் சொல்கிறேன். ஆரம்ப காலத்தில் மற்றவற்றைவிடப் பெரிதாக, உடலெல்லாம் வெள்ளைக் குஞ்சம் தொங்க, வேகமாக நடந்த மாவுப்பூச்சிகளைத் தேடித் தேடி நசுக்கினேன். அவை மாவுப்பூச்சிகளே அல்ல, அவற்றைத் தின்ன வந்த கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டின் புழுக்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. மாவுப்பூச்சி கூட்டமாக ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கும். தனியாக, நீண்ட குஞ்சங்களோடு விறுவிறுவென்று நடப்பதை விட்டுவிடுங்கள்.

அப்படியும் மருந்து வாங்கத்தான் வேண்டும் என்றால், டப்பாவில் உள்ள முக்கோணத்தைப் பாருங்கள். சிவப்பு மிகக் கடும் நஞ்சு, அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. சிவப்பும் மஞ்சளும் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வரவே கூடாது. கடைக்காரர் பெரிய பாட்டிலிலிருந்து குளிர்பான பாட்டிலில் ஊற்றிக் கொடுப்பதை எக்காரணத்தாலும் வாங்காதீர்கள். மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்தைக் காய்கறிகளில் பயன்படுத்த 2005ஆம் ஆண்டிலேயே தடை வந்துவிட்டது. அப்படிப்பட்ட ஒன்றைக் கொடியில் துணி காயும் நாலடிப் பால்கனியில் அடிப்பது எவ்வளவு பெரிய விபரீதம் என்று நினைத்துப் பாருங்கள். புகையிலைக் கஷாயமும் பாதுகாப்பானதல்ல. அதில் உள்ள நிக்கோட்டின் தோல் வழியாகவும் உடலில் ஏறும், தக்காளி, மிளகாய்ச் செடிகளுக்கு வைரஸ் நோயையும் அது கொண்டுவரக்கூடும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை கவாத்தும் கிரீஸும் முதல் தெளிப்பும், அதன் பிறகு மூன்று ஞாயிறுகள் கழுவித் தெளிப்பது என்று காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் ஞாயிறு எதையும் தெளிக்காமல் மாலையில் எறும்பு வரிசையையும், கிரீஸ் எறும்பைத் தடுத்திருக்கும் என்பதால் கணுக்களையும் இலைகளின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். வரிசையும் வெள்ளைப் பஞ்சும் இல்லையென்றால் பூச்சி அடங்கிவிட்டது என்று கொள்ளலாம். இரண்டில் ஒன்று இருந்து, புதுக் கொழுந்துகளும் முறுக்கியே வந்தால், செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து வேரைப் பாருங்கள். அங்கேயும் வெள்ளைப் பொடி இருந்தால் பூச்சியில்லாத இரண்டு நுனிகளைக் கழுவிப் புது மண்ணில் பதியன் போட்டுவிட்டு, மற்றதை மண்ணோடு சேர்த்துக் கட்டி வெளியே அனுப்பிவிடுங்கள். செம்பருத்திக் குச்சி எளிதில் வேர்பிடிக்கும். மற்ற பதினான்கு தொட்டிகளை அதற்காகப் பணயம் வைக்க வேண்டியதில்லை.